சுவரில் ஏறாத பக்கம்

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே தலைமையாசிரியை என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நடைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கச் சார்ட். தமிழ் மாதங்கள், உடல் உறுப்புகள், நீர்ச் சுழற்சி, கை கழுவும் முறை, மாநில மரம், மாநிலப் பறவை. எல்லாம் ஒரே கையெழுத்து. அச்சில் கூட எழுத்துக்கு எழுத்து அப்படி ஒரு நிதானம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் பென்சில் கோடு போட்டு, அதில் தொங்கவிட்ட மாதிரி வரிசையாக நின்றன.

“வர்ற அதிகாரி எல்லாரும் முதல்ல இங்கனதான் நிப்பாங்க. எல்லாம் ஏழாங்கிளாஸ் பிள்ள ஒண்ணு எழுதுனது. நல்ல கை” என்றார்.

நானும் நின்று பார்த்தேன். அசந்துபோனேன். இப்படி எழுதுகிற பிள்ளைகள் இருக்கிற இடத்திலா நமக்கு வேலை என்று கூட நினைத்தேன். அந்தப் பிள்ளை பிறகு தானாகவே ஒரு பக்கம் எழுதினாள். அவள் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய முதல் பக்கம். அது அந்தச் சுவரில் ஏறவில்லை. அந்த வருஷத்தில் நடந்த வேறு எதுவும் எனக்கு இவ்வளவு கசக்கவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் உடன்குடிக்காரி. அப்பாவுக்குக் கருப்பட்டி மண்டி. எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்காமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்ததை அவர் இன்றுவரை கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவதில்லை. பிள்ள தூத்துக்குடியில டீச்சரா இருக்கா என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் எனக்கு அந்த வேலை மேல் பைத்தியம். சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பு எழுத்துப் பட்டறை என்று பெயர். தினம் ஒரு பாடவேளை. டீச்சர் கொஞ்ச நேரம் மட்டும் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தருவார். பிறகு பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த புத்தகத்தைத் தாங்களே வாசிப்பார்கள். தாங்களே நினைத்ததை எழுதுவார்கள். டீச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து பேசுவார். கடைசியில் ஒரு நாற்காலி போடப்படும். எழுதிய பிள்ளை அதில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டும். எழுத்தாளர் நாற்காலி. அதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி எனக்கு விடுதியில் தூக்கமே வரவில்லை. நான் படித்த காலத்தில் இப்படி ஒரு நாற்காலி இருந்திருந்தால் என்று ஒரே கற்பனை.

பள்ளிக்கூடம் துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கம் உள்ளே தள்ளி இருந்தது. எட்டாம் வகுப்பு வரைதான். கரி லாரிகள் போய் வருகிற ரோடு என்பதால் சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். பிள்ளைகள் எல்லாம் மீன்பிடிக்கிற வீடுகளிலிருந்தும் உப்பளத்து வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள். எட்டு முடித்தால் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர்கள் போவார்கள். தெரியாதவர்கள் சேருவார்கள், கொஞ்ச நாள் போவார்கள், அப்புறம் நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற மேசையில் பார்க்கலாம். யாரும் அவர்களைப் போகச் சொல்லுவது கிடையாது. அவர்களே போய்விடுவார்கள்.

தொடக்கமே தகராறாக இருந்தது. கதைப் புத்தகங்கள் எல்லாம் தலைமையாசிரியை அறையில் ஸ்டீல் பீரோவில் இருந்தன. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பூட்டி வைத்திருந்தார். வந்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத புத்தகங்கள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் பரப்பினேன். ஆளுக்கு ஒன்று எடுங்கள், மனதுக்குள் வாசியுங்கள் என்றேன். எடுத்தார்கள். அப்புறம் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் ஒரு வரி சொன்னால் திருப்பிச் சொல்லலாம் என்று. அத்தனை பேர் கையிலும் வேறு வேறு புத்தகம் இருக்கிறது என்பதே அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

எழுதச் சொன்னால் அதைவிட மோசம். உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள் என்று ஆசையாகச் சொல்லுவேன். நோட்டைத் திறந்து, தேதி போட்டு, மார்ஜின் கிழித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே குரலில் கேட்பார்கள்: “மிஸ், போர்டுல எழுதிப் போடுங்க.”

என்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லித்தான் நிறுவனத்தில் விதி. அதையும் அவர்கள் சட்டை செய்யவில்லை. மிஸ்தான்.

நல்ல கைக்காரியை நான் கவனித்தது அப்போதுதான். கடைசிக்கு முந்தின வரிசையில் சன்னல் ஓரம் இருப்பாள். ஒல்லி. பேசவே மாட்டாள். சார்ட் எழுத வேண்டும் என்றால் மற்ற வகுப்பு டீச்சர்கள் வந்து, ஏளா இங்கன வா என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கணக்குப் பாடம், அறிவியல் பாடம் எதுவாக இருந்தாலும் எழுந்து போவாள். ஸ்கெட்ச் பேனா டப்பாவைக் கையில் வாங்கும்போது மட்டும் முகத்தில் ஒரு களை வரும்.

பட்டறைக்கு நான்கு விதிகள் எழுதி வகுப்பில் ஒட்ட வேண்டியிருந்தது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒரு தாளில் கிறுக்கி அவளிடம் கொடுத்தேன். எழுதும்போது ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டு, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே சரியானதை எழுதியிருந்தேன். மறுநாள் சார்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எழுத்து. சிவப்பில் தலைப்பு, ஓரத்தில் கொடி. நடுவில் நான் அடித்த அந்தச் சொல்லும் இருந்தது. அடித்த கோட்டோடு. கோடு என் கோட்டைப் போலவே வலது பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அடித்ததுக்கு மேலே சின்னதாக, இரண்டு வரிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சரியான சொல்.

முதலில் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. நல்லா இருக்கா மிஸ் என்பது மாதிரி நின்றுகொண்டிருந்தாள். சார்ட்டில் முதல் விதியைத் தொட்டு, இதை வாசி என்றேன். சார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அப்புறம் தலைநிமிரவே இல்லை.

வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். அத்தனை சுவரையும். கை கழுவும் முறையையும் தமிழ் மாதங்களையும். பூக்கோலம் போடுகிற மாதிரி.

நான் தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையிலேயே ஓடினேன், எனக்கு அப்படித்தான் வரும். அந்தப் பிள்ளைக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, உக்காருங்கம்மா என்றார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்:

“தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு அந்தக் கையாவது இருக்கே.”

ஒன்றாம் வகுப்பிலிருந்து போர்டைப் பார்த்து எழுதினாள். அழகாக எழுதினாள். நோட்டுக்கு எல்லாம் வெரி குட். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதினாள், அதுவும் அழகாக. வருஷா வருஷம் பாஸ். மெதுவாக எழுதுகிற பிள்ளையாக, தப்பும் தவறுமாகக் கிறுக்குகிற பிள்ளையாக இருந்திருந்தால் யாராவது ஒரு டீச்சர் இரண்டாம் வகுப்பிலேயே பிடித்து உட்கார வைத்திருப்பார். அந்த எழுத்துதான் அவளை மூடி வைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து பட்டறையில் பிள்ளைகள் தனியாக வாசிக்கிற நேரம் முழுவதும் அவள் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். சார்ட் எழுத யாரும் அவளை என் பாடவேளையில் கூப்பிடக் கூடாது என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் ஏதாவது சொல்ல வேண்டும், அதை நான் எழுத வேண்டும், அவள் சொன்னதையே அவள் வாசிக்க வேண்டும். அப்படித்தான் தொடங்கினோம். முதலில் வாயே திறக்கவில்லை. காலையில என்ன சாப்பிட்ட என்று கேட்டால், சாப்பிட்டேன் என்பாள். அதை எழுதுவேன். சாப்பிட்டேன். அதை வாசிப்பாள். சிரிப்பாள். பழைய கஞ்சி சாப்பிட்டேன். கஞ்சிக்குச் சாளைக் கருவாடு. இப்படி நீளும். எழுத்துகளை அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தின் உடம்பையும் அவள் கை அறியும். அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதுதான் புதுச் செய்தி.

அரைப்பரீட்சை விடுமுறை முடிந்து வந்த அன்றைக்கு வகுப்புக்கு வெளியே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பஸ் போர்டை வாசித்தாளாம். நிறத்தை வைத்துத்தான் அவர்கள் பஸ் ஏறுவது வழக்கம். இந்தத் தடவை அம்மாவோடு சித்தி வீட்டுக்குப் போகும்போது திருச்செந்தூர் என்று வாசித்திருக்கிறாள். அம்மா நம்பவில்லை. அடுத்த பஸ்ஸையும் வாசித்திருக்கிறாள். “அது உங்க ஊரு மிஸ்” என்றாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, உடன்குடின்னு ஒரு பிள்ள வாசிச்சிட்டாப்பா என்றேன். அவர், உடன்குடின்னு வாசிக்கதுக்கு எதுக்கு எம்.ஏ. படிச்ச ஆளு என்று கேட்டார்.

எழுத ஆரம்பித்தபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. தானாக ஒரு வரி எழுதச் சொன்னேன். பார்த்து எழுத எதுவும் இல்லை. சொல்லை நினைக்க வேண்டும், சத்தத்தைப் பிரிக்க வேண்டும், எழுத்தைத் தேட வேண்டும். எழுதினாள். எழுத்துகள் ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, கோட்டை விட்டு இறங்கி, கடைசியில் பக்கத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. நான் சந்தோஷத்தில் துள்ளினேன். அவள் அந்தத் தாளைக் கையால் மூடிக்கொண்டாள்.

“கை போயிட்டு மிஸ்” என்றாள்.

போகவில்லை, இப்பத்தான் வந்திருக்கு என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. தலைமையாசிரியை நம்பவில்லை. எழுத்தாளர் நாற்காலி பார்க்க வந்தவர் அவள் நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, என்னம்மா இது, நல்லா இருந்த பிள்ளை கையை இப்படிக் கெடுத்து வெச்சிருக்கீங்க என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இனிமே சார்ட்டுக்கு என்ன செய்ய என்று அவர் உண்மையான கவலையோடுதான் கேட்டார். பார்த்து எழுதினால் பழைய கை அப்படியே வருகிறது என்று காட்டிய பிறகுதான் நிம்மதியாகப் போனார்.

அந்த வருஷக் கடைசியில் பள்ளியில் படைப்புத் திருவிழா என்று வைத்திருந்தார்கள். அதிகாரி வருவார், எங்கள் நிறுவனத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் வருவார், பெற்றோர் வருவார்கள். நடைக்கூடச் சுவரில் பழைய சார்ட்டை எல்லாம் எடுத்துவிட்டுப் பட்டறையில் பிள்ளைகள் எழுதியதை ஒட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம். இதைச் சொன்னதும் அவள் முதல் தடவையாகத் தானாக என் மேசைக்கு வந்தாள். அப்பா வருவார், அப்பாவைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டாள். இந்தச் சுவரில் உள்ளதெல்லாம் அவள் கை. ஆனால் அதில் ஒன்றைக் காட்டி இது இன்னது என்று அப்பாவிடம் சொல்ல இதுவரை அவளால் முடிந்ததில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. இவளுக்கும் தெரியாது. இப்போது தெரியும்.

பல நாள் எழுதினாள். அடித்தாள், திரும்ப எழுதினாள். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். எனக்கு இன்றும் அது மனப்பாடம்.

“எங்க அப்பா சங்கு குளிக்க போவாரு. வாயில காத்து குழாய கடிச்சுக்கிட்டு உள்ள போவாரு. ஒரு நாள் உள்ள இருந்து வேகமா மேல வந்துட்டாரு. அதுல இடது காது கேக்காது. நாங்க அப்பாவுக்கு வலது பக்கம்தான் உக்காந்து சாப்புடுவோம். நான்தான் பக்கத்துல. அம்மா இடது பக்கம் உக்காந்தா சண்டைன்னு அர்த்தம். அப்பா ஒண்ணும் பேசாம சாப்புடுவாரு. அப்புறம் தட்ட எடுத்துக்கிட்டு அம்மாவுக்கு இடது பக்கம் போய் உக்காருவாரு. அப்ப அம்மா வலது பக்கம் வந்துரும். அம்மா சிரிச்சிரும்.”

வகுப்பு சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. ஒரு பயல் மட்டும் எழுந்து, இவங்க அப்பாட்ட காசு கேக்கணும்னா இடது பக்கம் நின்னுதான் கேக்கணும் மிஸ், கேக்காதுல்லா, அவரு சரின்னு தலையாட்டிருவாரு என்றான். அவளும் சிரித்தாள். இது சுவத்துல ஏறுமா மிஸ் என்று கேட்டாள். ஏறும் என்றேன்.

தலைமையாசிரியை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். அவரை நான் அரக்கியாகக் காட்டிவிடக் கூடாது. சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார், நான் பார்த்தேன். ஆனால் பக்கத்தை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். வீட்டுக்குள்ள புருஷன் பொண்டாட்டி சண்டையை ஸ்கூல் சுவத்துல ஒட்டுனா அந்த அம்மா நாளைக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். காற்றுக் குழாய் வைத்துக் குளிக்க அனுமதி கிடையாது, அதைப் பற்றி வருகிற அதிகாரி ஏதாவது கேட்டு வைத்தால் அந்த மனுஷனுக்கு வம்பு. எல்லாவற்றுக்கும் மேல் இந்த எழுத்து. நம்ம ஸ்கூலுக்கே பேரு கையெழுத்துதான், அதுவும் இவ பேர் போட்டு இந்த எழுத்தை ஒட்டினா என்ன நினைப்பாங்க?

அம்மாவிடம் நானே போய்க் கேட்டு வருகிறேன் என்றேன். குழாய் வரியை எடுத்துவிடலாம் என்றேன். எழுத்து இப்படி இருப்பதுதான் விஷயமே என்று விளக்கினேன். விளக்கம் சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் குரல் ஏறவில்லை.

“பாவம்மா அந்தப் பிள்ள, நாலு பேர் பாக்கையில அழகா இருக்கட்டும்” என்றார். அன்றைக்கு மதியமே அவரே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

‘எங்கள் ஊர் முத்து நகர். என் தந்தை ஆழ்கடலில் மூழ்கி ஒளிவீசும் முத்துகளை அள்ளி வருவார். கடலன்னை எங்களை வாழ வைக்கிறாள். என் தந்தையை எண்ணி நான் பெருமிதம் கொள்கிறேன்.’ இப்படியே பக்கம் நிறையப் போகும். இந்த ஊரில் முத்துக் குளிப்பு நின்று எத்தனை தலைமுறை ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து பால் பாக்கெட் கடை வரை பெயரில்தான் முத்து இருக்கிறது.

அவளைக் கூப்பிட்டுத் தாளையும் ஸ்கெட்ச் பேனா டப்பாவையும் கொடுத்தார்கள். முன்னே என்றால் வாங்கினதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருப்பாள். இப்போது வாசித்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, கடைசி வரை. முடித்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்:

“மிஸ், இது யாரு அப்பா?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வேறு யாருக்கோ எழுதியதை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். உன் அப்பாதான் என்று தலைமையாசிரியை அங்கிருந்தே சொன்னார், இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கட்டும்னு எழுதிருக்கு, எழுது பிள்ள. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலைமையாசிரியையிடம் திரும்பி மறுபடியும் ஆரம்பித்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அவள் தலைப்பை எழுதிவிட்டிருந்தாள். சிவப்பில். பழைய கை. அச்சு மாதிரி.

திருவிழா அன்றைக்கு அவள் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளை வலது பக்கம் நிறுத்திக்கொண்டு நடைக்கூடத்தில் நடந்தார். முத்துச் சார்ட்டை லேமினேஷன் செய்து நடுவில் மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று, இது என்ன போட்டுருக்கு என்று கேட்டார். அவள் அவர் காதருகில் எதையோ சொன்னாள். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது, கூடம் முழுக்கக் கேட்டது.

“முத்தா? நான் கண்ணால பாத்ததே இல்லயே, பிள்ள.”

அதிகாரியும் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர் மகளுடைய எழுத்தைக் கண்ணாடித் தாள் மேல் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். அவள் சிரிக்கவில்லை. அவள் சொந்தமாக எழுதிய பக்கம் என் பையில் மடித்து இருந்தது.

அதை அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். மதுரையிலிருந்து வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நல்லவர், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டே இருப்பார். நடைக்கூடத்தின் மூலையில் அவரை நிறுத்தி முழுக் கதையையும் சொன்னேன். அந்தச் சுவரில் இருப்பது பார்த்து வரைந்தது, இதுதான் எழுதியது, நம்ம வேலை என்று ஒன்று இந்தப் பள்ளியில் நடந்திருந்தால் அது இந்தப் பக்கம்தான் என்றேன். அவர் கண் கலங்கினார். சூப்பர் கேஸ் என்றார். பக்கத்தைப் படம் எடுத்தார். சுவரையும் படம் எடுத்தார். நம்ம நிறுவனத்து ஆண்டு மலரில் கட்டாயம் போடணும் என்றார்.

நான் அவளிடம் போய்ச் சொன்னேன். சுவத்துல ஏறாட்டி என்ன, புத்தகத்துல வருது, உன் எழுத்திலேயே வருது. அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, அடிச்சது எல்லாம் அப்படியே வருமா மிஸ் என்று கேட்டாள். அப்படியே வரும் என்றேன். அப்பாட்ட காட்டலாமா என்றாள். காட்டு என்றேன்.

பள்ளி மறுபடி திறந்து, அவர்கள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் மலர் அச்சாகிக் கட்டாக வந்தது. வழவழ தாள். அவளுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இடது பக்கத்தில் அவள் சொந்தமாக எழுதியது, அடித்தல் திருத்தல் எல்லாம் தெரிகிற மாதிரி. வலது பக்கத்தில் லேமினேஷன் போட்ட முத்துச் சார்ட். இடது பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் ‘பயிற்சிக்கு முன்’. வலது பக்கத்தின் தலையில் ‘பயிற்சிக்குப் பின்’.

நான் வகுப்பிலிருந்து வெளியே வந்து ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். மாறிப் போயிட்டு என்றேன். நான் சொன்னதுக்கு அப்படியே தலைகீழா வந்திருக்கே என்றேன். அவர் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார், வடிவமைப்பவர் போட்டோவைப் பார்த்து அப்படி வைத்துவிட்டார், நானும் சரிபார்க்கும்போது அதுதான் சரி என்று விட்டுவிட்டேன். பிறகு, நிதானமாக:

“அந்தப் பக்கம் முதல்ல எழுதினதுதானே? சார்ட் அதுக்கப்புறம் எழுதினதுதானே? அப்போ தப்பு ஒண்ணும் இல்லையே.”

தேதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. கட்டுக் கட்டாக எல்லா மாவட்டத்துக்கும் போய்விட்டது, ஒரே பார்வையில் பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் இல்லையா, மாற்றிப் போட்டிருந்தால் நாம் பிள்ளையைக் கெடுத்த மாதிரி இருந்திருக்கும் என்றார். இதே சொல்லை இதற்கு முன்னே வேறொருவர் வாயில் கேட்டிருந்தேன். ஒருவர் பீரோவைப் பூட்டி வைத்தவர், இன்னொருவர் பூட்டைத் திறக்க வந்தவர். இரண்டு பேருக்கும் கண் ஒன்றாகத்தான் இருந்தது.

நான் திரும்பி உள்ளே போனபோது கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள். தன் பக்கத்தைக் கண்டுபிடித்து அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவள் நிறுத்தவில்லை. தலைப்பை வாசித்தாள். தன்னுடைய பக்கத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததற்கு வந்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். ‘பட்டறைக்கு முன்பு இம்மாணவியால் ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக எழுத இயலவில்லை. தொடர்ந்த பயிற்சியின் பயனாக இன்று அழகாகவும் பிழையின்றியும் எழுதுகிறார்.’

எங்கேயும் தடுக்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் அதுவரை வாசித்ததிலேயே கடினமான வாக்கியங்கள் அவை. இயலவில்லை என்ற சொல்லை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் பார்த்திருப்பாள்.

விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரியா வாசிச்சேனா மிஸ்?” என்றாள்.

ஒரு பிள்ளை வாசித்து முடித்ததும் முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. சரியா வாசிச்ச என்றேன். பிறகு, அவர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள், உன்னுடையதுதான் பின்னால் வர வேண்டும், நான் போனில் சொல்லியிருக்கிறேன் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மலரை மூடிப் பைக்குள் வைத்தாள். அப்பாவிடம் காட்டினாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறையில் வாசிக்கிற நேரம் முடிந்து எழுதுகிற நேரம் வந்தது. மற்ற பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அவர்கள் என் வாயைப் பார்ப்பதில்லை, தலையைக் குனிந்தால் நிமிர்வதில்லை. ஒருத்தி தன் வீட்டு நாய் உப்புக் குவியல் மேல் ஏறி உட்காருவதை எழுதிக்கொண்டிருந்தாள். சன்னல் ஓரத்தில் இவள் மட்டும் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ஸ்கேலால் மார்ஜின் கிழித்து, பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

“மிஸ், போர்டுல எழுதிப் போடுங்க” என்றாள்.

நான் சாக்பீஸைத் தொடவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், காலையில என்ன சாப்பிட்ட என்று கேட்டேன். அவள் மரியாதையாகச் சிரித்துவிட்டு, சாப்பிட்டேன் மிஸ் என்றாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை. என்னைத் தாண்டிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை அப்படியே காத்துக்கொண்டிருந்தாள்.